தரவைத் திறந்துவிடுவதா, நிரலை உள்ளே அழைப்பதா?

இணையவழிப் பாடங்களில் பதிவாகும் மாணவர் தரவிலிருந்து ஒருவர் கண்ட முடிவை மற்றொருவர் சரிபார்க்க இரண்டு வழிகள் உண்டு. அடையாளம் நீக்கிய தரவைப் பொதுவில் வெளியிடலாம். அல்லது தரவை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, ஆய்வாளரின் கணினி நிரலை அங்கே வரவழைக்கலாம்.

எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் தாங்கள் நடத்திய பாடங்களின் தரவை 2014 மே மாதத்தில் ஹார்வர்டும் எம்ஐடியும் வெளியிட்டது முதல் வழி. நாடு, பாலினம், பிறந்த ஆண்டு போன்ற விவரங்களின் எந்தச் சேர்க்கையும் குறைந்தது 5 பேருக்குப் பொதுவாக இருக்க வேண்டும் என்ற விதிப்படி, தனித்துத் தெரிந்த மாணவர்களின் விவர வரிகள் நீக்கப்பட்டன. ஆனால், தனித்துத் தெரிபவர்கள் பெரும்பாலும் பல பாடங்களில் சேர்ந்தவர்களும் கலந்துரையாடலில் நிறைய எழுதியவர்களும்தான், அதாவது ஊன்றிப் படித்தவர்கள். அவர்கள் நீங்கியதும் சான்றிதழ் பெற்றோரின் விகிதம் மூலத் தரவில் இருந்ததில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்ததை, வெளியிட்ட குழுவினரே எடுத்துக்காட்டினார்கள். யாரெல்லாம் படிப்பை முடிக்கிறார்கள் என்று கேட்கும் ஆய்வுக்கு இதைவிடப் பெரிய சேதம் வேறில்லை. இவ்வளவு இழந்தும் மறைவு நிலைக்கவில்லை: கணினி அறிவியலாளர் அலோனி கோஹென் 2022இல் வெளியிட்ட ஆய்வில், லிங்க்ட்இன் பக்கங்களோடு ஒப்பிட்டு 3 மாணவர்களை அடையாளம் கண்டார். மூவர்தானே என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு சான்றிதழைப் பெருமையோடு பகிர்ந்தவர், முடிக்காமல் விட்ட பாடத்தையும் ஊரறியச் சொல்ல ஒப்பவில்லையே.

மிச்சிகன், பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'மார்ஃப்' இரண்டாவது வழி. ஆய்வாளர் தம் நிரலை, அது இயங்கத் தேவையான மென்பொருள்கள் அனைத்தோடும் ஒரு டாக்கர் கொள்கலனில் (எந்தக் கணினியிலும் ஒரேபோல இயங்கும் மென்பொருள் பொட்டலத்தில்) கட்டி அனுப்புகிறார்; அது மூலத் தரவின்மீதே இயங்குகிறது; முடிவுகள் மட்டும் வெளியே வருகின்றன. வரிகள் நீக்கப்படாததால் முடிவு சிதைவதில்லை. மென்பொருள் பதிப்பு மாறியதால் விடை மாறியது என்ற வழக்கமான சிக்கலும் எழுவதில்லை.

குறையும் சிறிதல்ல. தரவைக் கண்ணால் பாராமல் நிரல் எழுதுவது கடினம். பதிவிலேயே இருக்கும் பிழை வெளியாளின் பார்வைக்குத் தப்பிவிடும். தரவைக் காப்பவர் சேவையை நிறுத்தினால் சரிபார்ப்பும் நின்றுபோகும்.

வகுப்பில் முறைகளைக் கற்றுக்கொடுக்க, பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 32,593 மாணவர்களின் தரவைப் போன்ற திறந்த தொகுப்புகளே ஏற்றவை. படிப்பைக் கைவிடுவோரைப் பற்றிய முடிவுகளைச் சோதிக்க நான் இரண்டாவது வழியையே தேர்வேன். வாயில்காப்போர் பிழை செய்தால் அதைத் திருத்தும்படி கேட்கலாம். வெளியே போய்விட்ட ஒரு மாணவரின் வரியைத் திரும்பப் பெற எந்த வழியும் இல்லை.