காருக்குப் பதிலாக மின்சைக்கிள்: திருவான்மியூரிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் வீட்டுக் கார் பெரும்பாலும் ஓடியது இரண்டு முதல் ஏழு கிலோமீட்டர் வரையிலான தூரங்களுக்குத்தான். திருவான்மியூரில் வீடு, தரமணியில் அலுவலகம், மயிலாப்பூரில் அம்மா, மருந்தீஸ்வரர் கோயிலைச் சுற்றிக் காய்கறியும் மளிகையும், அடையாற்றில் வங்கியும் மருத்துவரும் என்று அன்றாடம் அமைந்துவிட்ட ஒருவருக்கு, ஒரு டன் எடையுள்ள வண்டியை ஒவ்வொரு முறையும் கிளப்பிக்கொண்டு போவது எவ்வளவு பொருந்தாத வேலை என்பது, போன இடத்தில் அதை நிறுத்த இடம் தேடிச் சுற்றும்போதுதான் உறைக்கும். 2022இன் தொடக்கத்தில் ஒரு மின்சைக்கிள் வாங்கினேன். காரை விற்கவில்லை, விற்கும் எண்ணமும் இல்லை. இந்தக் குறுந்தூரப் பயணங்களில் எவை சைக்கிளுக்கு மாறின, எவை மாற மறுத்தன, வண்டி இத்தனை ஆண்டுகளில் எப்படித் தேய்ந்தது என்பதை, வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் அளவுக்கு எழுதி வைக்கிறேன்.

வண்டி சாதாரண ரகம்தான். பின்சக்கரத்தின் நடுவில் 250 வாட் மோட்டார், சட்டத்தில் பூட்டி எடுக்கக்கூடிய 36 வோல்ட் 10 ஆம்பியர்-மணி பேட்டரி, இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். பெடலை மிதித்தால் மோட்டார் கூடவே தள்ளும். கைப்பிடியில், மிதிக்காமலே மோட்டாரை ஓடவைக்கும் த்ராட்டிலும் உண்டு. இத்தகைய வண்டிகள் இன்று முப்பதாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் மிகாத வரை, மத்திய மோட்டார் வாகன விதிகள் இதை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. ஆகவே பதிவு எண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. சில கடைகளில் வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு 35 வரை ஓடவைத்துத் தருவதாகச் சொல்வார்கள். அதற்குத் தலையாட்டினால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஓட்டுவது பதிவு செய்யப்படாத, காப்பீடு இல்லாத ஒரு மோட்டார் வண்டி. யாராவது குறுக்கே வந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துக்கொண்டு முடிவு செய்யலாம்.

சென்னை மட்டமான ஊர், இங்கே சைக்கிளுக்கு மோட்டார் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கடற்கரையோரம் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தால் விடை தெரியும்: இந்த ஊரில் காற்றுதான் மேடு. பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால், தரமணியிலிருந்து கிழக்கு நோக்கி வீடு திரும்புவது சாதாரண சைக்கிளில் மூச்சு வாங்கும் வேலை. மோட்டார் அந்த எதிர்க்காற்றை இல்லாமல் செய்துவிடுகிறது. அதைவிட முக்கியமானது, சிக்னலில் நின்று புறப்படும் அந்த முதல் சில அடிகள். சாதாரண சைக்கிளில் போகிறவர் சிவப்பு விளக்கில் நிற்கத் தயங்குவதற்குக் காரணமே, நின்றால் மறுபடி முழு பலத்தையும் போட்டுக் கிளப்ப வேண்டும் என்பதுதான். மோட்டார் துணையிருந்தால், பின்னால் பேருந்து ஹாரன் அடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும்.

வேர்வை பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை நான் இதை எடுப்பதில்லை. அந்த வெயிலில் மோட்டார் எதுவும் செய்துவிட முடியாது. மற்ற நேரங்களில், மோட்டாரின் துணையை இரண்டாவது நிலையில் வைத்து மெதுவாக மிதித்துக்கொண்டு இருபதை ஒட்டிய வேகத்தில் போனால், ஓட்டத்தில் கிடைக்கும் காற்றே போதுமானது. அலுவலகத்தில் சட்டை மாற்ற வேண்டிய நிலை வருவதில்லை. ஒப்பிட்டுச் சொன்னால், வெயிலில் நின்ற காரில் ஏறி ஏ.சி. போட்டு, உள்ளே குளிர்வதற்குள் மூன்று கிலோமீட்டர் முடிந்து இறங்க வேண்டியிருக்கும். குறுந்தூரத்தில் கார் தரும் சுகம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி இப்படிப்பட்டதுதான்.

நேரக் கணக்கில் நான் எதிர்பார்க்காத லாபம் மயிலாப்பூர் வழியில் கிடைத்தது. மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலை தொடங்கியபின் எல்.பி. சாலையிலும் மந்தைவெளிப் பக்கத்திலும் தடுப்புத் தகரங்கள் சாலையைப் பாதியாக்கி, ஒருவழிகளையும் மாற்றுவழிகளையும் அடிக்கடி இடம் மாற்றிக்கொண்டேயிருந்தன. காரில் போனால் சுற்றிச் சுற்றிப் போய், கடைசியில் மாட வீதிகளில் நிறுத்த இடமில்லாமல் வெகுதூரம் தள்ளி விட்டுவிட்டு நடக்க வேண்டும். சைக்கிளில் பெசன்ட் நகர், காந்தி நகர் உள்தெருக்கள் வழியாகத் திரு.வி.க. பாலம் ஏறி இறங்கி, அம்மா வீட்டு வாசலிலேயே ஸ்டாண்டு போட்டுவிடலாம். மாலை நெரிசலில் காரைவிடச் சீக்கிரமே போய்ச் சேர்கிறேன். அதைவிடப் பெரிய விஷயம், எப்போது போய்ச் சேர்வேன் என்பதைப் புறப்படும்போதே சொல்ல முடிகிறது. முதல் வாரத்தில் அம்மா வீட்டுக்குப் பக்கத்து மாமி, "என்னப்பா, காரை வித்துட்டியா? ஏதாவது கஷ்டமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். இப்போது தன் பேரனுக்கு இதில் எது நல்லது என்று விசாரிக்கிறார்.

பெட்ரோல் கணக்கைச் சொல்லாமல் விட முடியாது. பேட்டரியில் அடங்குவது 360 வாட்-மணி; சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் முழு சார்ஜுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம். எங்கள் வீட்டு மின்கட்டணத்தின் மேல்படி விலையில் வைத்தாலும் ஐந்து ரூபாய்க்குள் அடங்கிவிடும். நான் கணக்குப் போட்டபோது சென்னையில் பெட்ரோல் லிட்டர் ஏறக்குறைய நூறு ரூபாய். இஞ்சின் சூடாவதற்குள் முடிந்துவிடும் குறுந்தூர ஓட்டத்தில் லிட்டருக்குப் பத்து, பதினொன்றுக்கு மேல் எங்கள் கார் தந்ததில்லை. ஒரு நாளைக்கு எட்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஆண்டுகளில் சைக்கிளின் விலை திரும்பிவிடுகிறது. ஆனால் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டரிக்குப் பத்திலிருந்து பதினைந்தாயிரம் ரூபாய் எடுத்து வைக்க வேண்டும்; கார் நிற்கும்போதும் அதன் காப்பீடும் வருடாந்திர சர்வீஸும் நிற்பதில்லை. பணம் மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காக இதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் மின்ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. தினமும் பத்து கிலோமீட்டருக்கு மேல் போகிறவருக்கும், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொள்ள வேண்டியவருக்கும் ஸ்கூட்டர்தான் சரி. எங்களுடையது பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. வாகனம் நிறுத்தும் இடத்தில் சார்ஜ் செய்யும் இணைப்பு வைப்பது பற்றிக் குடியிருப்போர் சங்கம் பேசத் தொடங்கிய கூட்டம் இன்னும் முடிந்தபாடில்லை. சைக்கிள் பேட்டரியோ இரண்டரை கிலோ. சாவியைத் திருப்பிக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறிவிடலாம், கூடத்து பிளக்கில் சார்ஜ் ஆகிவிடும். இத்துடன், தினமும் நாற்பது நிமிடம் நடக்கச் சொன்ன மருத்துவரின் பேச்சில் ஒரு பங்கையாவது இந்தப் பெடல் நிறைவேற்றுகிறது.

குறைகளுக்கு வருவோம். என் வண்டியில் இருப்பது பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் அறியும் உணரி (சென்சார்). பெடல் அரைச் சுற்று சுற்றிய பிறகுதான் மோட்டார் விழித்துக்கொள்ளும். விழித்ததும் நாம் எவ்வளவு அழுத்தினோம் என்று பார்க்காமல் ஒரே மாதிரி தள்ளும். அகலமான சாலையில் இது தெரியாது. சந்தைத் தெருவில் முன்னால் ஒரு பாட்டி கூடையுடன் நடக்கும்போது இந்தத் திடீர்த் தள்ளல் எரிச்சலூட்டும். அங்கே துணையை அணைத்துவிட்டு வெறும் சைக்கிளாகவே மிதிக்கிறேன். அழுத்தத்தை அளக்கும் டார்க் சென்சார் உள்ள வண்டிகள் விலை கூடுதலானாலும், ஓட்டிப் பார்த்தவரையில் அந்த வித்தியாசத்துக்கு அவை தகுதியானவை. பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இரண்டு கைப்பிடியிலும் இருக்கிறதா என்று வாங்கும் முன் கட்டாயம் சோதித்துக்கொள்ளுங்கள்.

பஞ்சர் இன்னொரு தலைவலி. மோட்டார் உள்ள பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால், அச்சின் இருபுறமும் பெரிய நட்டுகளைத் தளர்த்தி, மின்கம்பியின் இணைப்பைப் பிரித்து, திரும்ப மாட்டும்போது வாஷர்களை அதே வரிசையில் வைக்க வேண்டும். தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் கம்பியைப் பார்த்ததுமே, "சார், இது நம்ம வேலை இல்ல, கம்பெனிக்குக் கொண்டு போங்க" என்று கையை உதறிவிட்டார். பிறகு நானே கேட்டுக்கொண்டபடி சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து நெம்பி, டியூபை வெளியே இழுத்து, வாளித் தண்ணீரில் முக்க முடியாததால் எச்சில் தொட்டுத் துளையைக் கண்டுபிடித்து ஒட்டினார். இப்போது அந்தத் தெருவில் மின்சைக்கிள் வைத்திருக்கும் எல்லோரும் அவரிடம்தான் போகிறார்கள். மோட்டாரின் எடையால் பின்சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பிகள் அவ்வப்போது அறுந்தன. தடித்த கம்பி போட்டுக் கோட்டம் எடுத்த பிறகு அந்தத் தொல்லை நின்றது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் செயின் துருப்பிடிக்கும் வேகத்தைச் சொல்லத் தேவையில்லை. வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடாவிட்டால் அது கரகரக்கத் தொடங்கிவிடும்.

மழைதான் உண்மையான சோதனை. தூறலிலும் சாதாரண மழையிலும் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. தேங்கிய நீரில் சக்கரத்தின் அச்சு முங்கும் அளவுக்குப் போகக்கூடாது. அச்சின் வழியாகக் கம்பி நுழையும் இடத்தில் நீர் உள்ளே போய்விடும். ஒரு வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மோட்டார் விட்டுவிட்டுத் துடிக்க ஆரம்பித்தது. விற்ற நிறுவனத்தின் சேவை மையம், பாகம் வர வேண்டும் என்று வாரக்கணக்கில் இழுத்தடித்தது. கடைசியில் மின்ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் மோட்டாரை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினார்: ஒரு மூலையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மோட்டாரிலிருந்து வருபவை மூன்று தடித்த கம்பிகளும் ஐந்து மெல்லிய கம்பிகளும்தான், இது எல்லா மோட்டாரிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று சொல்லி, பொதுவாகக் கிடைக்கும் ஒரு பெட்டியை ஒரே மாலையில் பொருத்தி, இணைப்புகளுக்குச் சிலிக்கோன் பூசிக் கொடுத்தார். பிராண்டுக்கே உரிய இணைப்புகளும் பூட்டப்பட்ட மென்பொருளும் உள்ள வண்டிகளில் இது நடக்காது. வாங்கும்போது காட்சித்திரையின் அழகைவிட இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெள்ள நாட்களில் சைக்கிளுக்கு ஒரு சாதகமும் உண்டு. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரி மேம்பாலத்தின் மீது கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நான் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, சைக்கிளை இன்னொருவர் துணையுடன் முதல் மாடி நடைவழியில் ஏற்றி வைத்தேன். இருபத்திரண்டு கிலோ எடையைத் தனியாளாகத் தூக்குவது சிரமம்தான்; மின்தூக்கி இல்லாத வீட்டில் மாடியில்தான் வைக்க வேண்டும் என்றால் இந்த வண்டியை வாங்க வேண்டாம்.

சாலையில் மற்ற தொந்தரவுகளும் உள்ளன. வெள்ளைக்கோடு போடாத வேகத்தடைகளை இரவில் பார்க்க, வண்டியோடு வரும் விளக்கு போதாது. தனியாக ஒன்று மாட்டியிருக்கிறேன். தெருநாய்கள் சத்தமில்லாமல் விரைந்து போகும் சைக்கிளைக் கண்டால் துரத்துகின்றன. வேகத்தைக் கூட்டினால் அவையும் கூட்டும். நிறுத்தி இறங்கி நின்றால் ஆர்வம் இழந்துவிடும். வணிக வளாகங்களின் பார்க்கிங் காவலர்களுக்கு இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரிவதில்லை. ஓரிடத்தில் எண் பலகை இல்லாததால் டோக்கன் போட முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். வேறோரிடத்தில் காவலர் தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நான் திரும்பி வரும் வரை வருவோர் போவோருக்கெல்லாம் வண்டியின் விலையை விளக்கிக்கொண்டிருந்தார்.

இன்று காரில் போவது எவற்றுக்கென்றால், குடும்பமாகக் கிளம்பும்போதும், அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போதும், அரிசி மூட்டை வாங்கும்போதும், அடைமழையிலும், ஊருக்கு வெளியே போகும்போதும்தான். மற்றவை ஏறக்குறைய முழுவதும் சைக்கிளுக்கு மாறிவிட்டன. கார் வாரக்கணக்கில் நின்று அதன் பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சதூரம் ஓட்டிவர வேண்டியிருக்கிறது என்பது இந்தக் கதையின் வேடிக்கையான பக்கம்.

சைக்கிளின் பேட்டரியும் இப்போது களைத்துவிட்டது. புதிதாக இருந்தபோது குறைந்த துணையில் நாற்பது கிலோமீட்டர் தந்தது, இப்போது இருபத்தைந்தைத் தாண்டினாலே பெரிது. பாலம் ஏறும்போது கடைசிக் கோடு சிமிட்டுகிறது. வெயிலில் நின்று வந்த பேட்டரியை ஒரு மணி நேரம் ஆறவிட்டுத்தான் சார்ஜ் போடுவேன். அன்றாடம் முழுதாக நிரப்புவதில்லை. உள்ளிருக்கும் செல்கள் சமநிலைக்கு வர மாதம் ஓரிருமுறை மட்டும் முழுதாக நிரப்புவேன். இவையெல்லாம் செய்யாமல் விட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் தேய்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தூங்கும்போது சார்ஜ் போடுவதும், வேறு சார்ஜரைப் பயன்படுத்துவதும் எங்கள் வீட்டில் தடை. புதிய பேட்டரியை, செல்களின் தயாரிப்பாளர் யார் என்று எழுத்தில் தரும் கடையில்தான் வாங்குவதாக இருக்கிறேன். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைத்திருக்கின்றன. அதைச் சொல்லிப் பழைய பேட்டரியை அந்தக் கடையிலேயே ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளப் போகிறேன்.