சுங்குடிச் சேலை விற்க எது தோது: பேஸ்புக் பக்கமா, இன்ஸ்டாகிராமா, வாட்ஸ்அப் பிசினஸா?

நானும் அண்ணியும் சின்னாளப்பட்டியிலிருந்து சுங்குடிச் சேலை எடுத்து வீட்டிலிருந்தே விற்கிறோம். மூன்று இடத்திலும் கடை விரித்திருக்கிறோம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எதைப் பிடிப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள்.

புது ஆட்களை அழைத்துவருவதில் இன்ஸ்டாகிராமை மற்ற இரண்டும் நெருங்கவே முடியாது. நம்மைப் பின்தொடராதவர் கண்ணிலும் ரீல்ஸ் படும். சாயத்தில் முக்கிக் காய்ந்த துணியின் முடிச்சை அவிழ்த்ததும் வெள்ளைப் புள்ளிகள் விரிகிற காட்சிக்கு ஒரு ரீல் போட்டால் கூட்டம் வரும். ஆனால் வருகிறவர்கள் ஹார்ட் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஸ்டோரியும் ஹைலைட்டில் சேர்க்காவிட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்.

பேஸ்புக் பக்கம் செத்துப்போச்சு என்று பலர் சொல்கிறார்கள். நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று 2018 தொடக்கத்தில் அந்த நிறுவனம் அறிவித்ததிலிருந்து, காசு கட்டாமல் பக்கத்தின் பதிவு அதிகம் பேரைச் சேர்வதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் எங்களிடம் நின்று நிதானமாகக் கேள்வி கேட்கிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். "சாயம் போகுமா?" என்று ஒருவர் கேட்டார். "முதல் தடவை கல்லுப்புத் தண்ணீரில் தனியாக அலசுங்கக்கா, கொஞ்சம் இறங்கும்" என்று அண்ணி எழுதினார். ஏற்கெனவே வாங்கியிருந்த இன்னொருவர் வந்து, தான் துவைத்த கதையை அதற்குக் கீழே சொன்னார். அந்தப் பதிலைப் படித்துவிட்டு ஆர்டர் கொடுப்பவர்கள் இன்றும் உண்டு.

விலை கேட்டால் "இன்பாக்ஸ் பாருங்க" என்று போடாதீர்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் செய்தோம். கேட்டவர்களில் பலர் திரும்ப வரவே இல்லை. விலையையும் கொரியர் சார்ஜையும் அங்கேயே எழுதத் தொடங்கிய பிறகுதான் பேச்சு வளர்ந்தது.

ஒருமுறை டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் போட்டுவிட்டோம். அரக்கு என்று நம்பி வாங்கியவருக்குக் காப்பிக்கொட்டை நிறத்தில் சேலை போய்ச் சேர்ந்தது. கமெண்டிலேயே படத்தோடு கொட்டித் தீர்த்தார். எனக்கு உடனே அதை அழித்துவிடத் தோன்றியது. அண்ணி விடவில்லை. மன்னிப்புக் கேட்டு, இரண்டு பக்கக் கொரியர் செலவையும் ஏற்று, வேறு சேலை அனுப்பினோம். அந்தக் கமெண்ட் இன்னும் அப்படியே இருக்கிறது. இப்போது காலை வெயிலில் திண்ணையில் விரித்து முந்தி, பார்டர், உடல் மூன்றையும் தனித்தனியாகப் படம் எடுக்கிறோம்.

வாட்ஸ்அப் பிசினஸ், ஏற்கெனவே நம்மிடம் சேலை வாங்கியவர்களோடு பேசுவதற்கு. கேட்டலாக்கில் சேலைகளை வரிசையாக வைக்கலாம்; "பணம் வந்தது", "கொரியர் போட்டாச்சு" என்று லேபிள் ஒட்டினால் கணக்குக் குழம்பாது. ஒரே விஷயத்தைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள். நம் எண்ணை சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதனால் ஒவ்வொரு பார்சலிலும் எண்ணை எழுதி ஒரு துண்டுச்சீட்டு வைக்கிறோம்.

கம்மல், கேக் மாதிரி பார்த்ததுமே ஆசை வருகிற சரக்கு என்றால் இன்ஸ்டாகிராமில் தொடங்குங்கள். சேலை மாதிரி நாலு கேள்வி கேட்டு வாங்குகிற சரக்குக்கு என் ஓட்டு பேஸ்புக் பக்கத்துக்குத்தான். பக்கம் தொடங்குகிற அன்றே அதில் வாட்ஸ்அப் பட்டனையும் சேர்த்துவிடுங்கள்.