ஹேமக் கட்ட எந்தப் பட்டை? நான்கு வருடம் தொங்கிய அனுபவம்

ஹேமக், அதாவது இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிப் படுக்கிற துணித் தொட்டில், வாங்கப் போகிற எல்லாரும் துணியைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். 11 அடி நீளம், பச்சை நிறம், கைக்கு மெத்தென்று இருந்தது. கூடவே இரண்டு நைலான் கயிறும் இரண்டு கொக்கியும் இலவசம். நான்கு வருடம் ஆகிவிட்டது. துணி இன்னும் அதேதான். மரத்தில் கட்டுகிற சாமான் மட்டும் நான்கு முறை மாறியிருக்கிறது. அந்தக் கதைதான் இது.

முதல் இரவு பொள்ளாச்சிப் பக்கம் அத்தை வீட்டுத் தோப்பில். கிணற்றடியில் ஒரு வேப்பமரம், 13 அடி தள்ளி ஒரு தென்னை. ஹேமக் தொய்ந்தால் முதுகு வளையும் என்று நானே முடிவு பண்ணி, பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இழுத்துக் கட்டினேன். அத்தை வந்து ஒரு நிமிடம் நின்று பார்த்தார்.

“ஏங் கண்ணு, துணி காயப்போடற கொடியாட்டம் இழுத்துக் கட்டியிருக்கிற? தொட்டில் கட்டிப் பாத்ததே இல்லையா நீ?”

சிரித்துவிட்டுப் படுத்தேன். படுக்கும்போது தரையிலிருந்து முழங்கால் உயரம். இரண்டரை மணிக்கு விழித்தபோது இடுப்புக்குக் கீழே ஈரமண் தட்டுப்பட்டது. அறுந்து விழவில்லை, கயிறு நீண்டு நீண்டு என்னைப் பத்திரமாகத் தரையில் இறக்கி வைத்திருந்தது.

தப்பு இரண்டு. ஒன்று, நைலான். பாரம் ஏறினால் நீளும், பனியில் நனைந்தால் இன்னும் நீளும். இரண்டாவது தப்பு என்னுடையது, அதுதான் பெரியது. மரத்தில் கட்டுகிற கயிறோ பட்டையோ (நாடா மாதிரியான பெல்ட்) கிடைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்வில் மேலே ஏறினால், 80 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு பக்கமும் அதே 80 கிலோ இழுவைதான் வரும். 10 டிகிரிக்கு இழுத்துக் கட்டினால் அதே ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 230 கிலோ. 5 டிகிரி என்றால் 460 கிலோவை நெருங்கும். நான் கட்டியது அநேகமாக இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ. அத்தைக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை, அவ்வளவுதான். தொய்வாகக் கட்டி, குறுக்கே கொஞ்சம் கோணலாகப் படுத்தால் முதுகு நேராகவே இருக்கும் என்பது எனக்கு அப்புறம்தான் பிடிபட்டது.

அடுத்து வாங்கியது வரிசையாகக் கண்ணி தைத்த பட்டை, டெய்ஸி செயின் என்பார்கள். மரத்தைச் சுற்றி, ஒரு நுனியை மறு நுனிக் கண்ணிக்குள் விட்டு இழுத்தால் வேலை முடிந்தது. காரபினரை, அதாவது திறந்து மூடுகிற உலோகக் கொக்கியை, எந்தக் கண்ணியில் வேண்டுமானாலும் மாட்டலாம். முடிச்சே தெரியாதவருக்கு இதைவிட நல்லது கிடையாது. என் மனைவி இன்றைக்கும் இதைத்தான் எடுத்துக்கொள்கிறார். ஒரே எச்சரிக்கை: சாவிக்கொத்தில் தொங்கும் அலுமினியக் கொக்கியை இதில் மாட்டாதீர்கள். 12 கிலோநியூட்டன் என்று உடம்பிலேயே அச்சடித்த காரபினர் வேண்டும். ஏறக்குறைய 1,200 கிலோ தாங்கும்.

ஒன்றரை வருடம் ஓடியது. குறை என்னவென்றால் எடை. இரண்டு பட்டையும் கொக்கிகளும் சேர்த்து எங்கள் வீட்டுச் சமையலறைத் தராசில் 380 கிராம் காட்டியது, ஹேமக் துணியே 500தான். இன்னொன்று, கண்ணிக்குக் கண்ணி அரை சாண் தூரம். ஒரு கண்ணியில் தொய்வு அதிகம், அடுத்ததில் விறைப்பு. நடுவில் வேண்டுமென்றால் மறுபடி மரத்தடிக்குப் போய் முதலிலிருந்து கட்ட வேண்டும்.

எடை குறைக்கிற பைத்தியம் பிடித்த காலத்தில் வூப்பி ஸ்லிங்குக்கு மாறினேன். டைனீமா என்கிற மெல்லிய, உறுதியான செயற்கை இழையில் பின்னிய, உள்ளே கூடான கயிறு. கயிறு தன் வயிற்றுக்குள்ளேயே நுழைந்து வெளியே வரும். பாரம் ஏறினால் பின்னல் மெலிந்து உள்ளே இருப்பதைக் கவ்விக்கொள்ளும், பாரம் இல்லாதபோது வாலைப் பிடித்து நீட்டலாம், குறுக்கலாம். பென்சிலில் பாதித் தடிமன்கூட இல்லாத, ஆம்ஸ்டீல் என்று விற்கிற டைனீமா கயிறு 700 கிலோவுக்கு மேல் தாங்கும். நீளவே நீளாது. கையில் எடுத்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. முதல் தடவை கட்டிப் படுத்தபோது, இனி வேறு எதுவும் வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

அதை மாற்றியது ஏற்காடு. காப்புக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் தங்க முடியாது, அதனால் நாங்கள் போவது தெரிந்தவர்களின் காப்பித் தோட்டங்களுக்கு. அங்கே நிழலுக்கு நிற்பது சில்வர் ஓக். எனக்குக் கிடைத்த இரண்டு மரங்களுக்கு நடுவே 10 அடி. ஹேமக்கின் இரு நுனிகளுக்கு நடுவே 9 அடி போய்விட்டால், பக்கத்துக்கு அரை அடிதான் மிச்சம். வூப்பியை எவ்வளவு குறுக்கினாலும் அது ஓர் அடிக்குக் கீழே போகாது. உள்ளே நுழைந்த பகுதிக்கு அந்த நீளம் வேண்டும். அதற்கு மேல் மரத்தைச் சுற்றுகிற பெல்ட் வேறு. இருட்டில், குளிரில் மரத்துப் போன விரலோடு வாலை இழுத்துக்கொண்டே நின்றேன், உட்கார்ந்தால் பின்புறம் தரையில்.

போதாக்குறைக்கு டார்ச்சோடு வந்த தோட்ட மேஸ்திரி மரத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். “தம்பி, மிளகுக் கொடியச் சேத்துக் கட்டியிருக்கீங்களே! மூணு வருசம் வளத்தாத்தான் அது காய்க்கும்.” சில்வர் ஓக்கில் மிளகு ஏற்றியிருப்பதை நான் கவனிக்கவே இல்லை. அவிழ்த்து, கொடி இல்லாத மரமாகத் தேடிக் கட்டி முடிக்கும்போது மணி பதினொன்று. மரத்தைச் சுற்றுகிற பட்டை குறைந்தது ஓர் அங்குல அகலம் இருக்க வேண்டும், மெல்லிய கயிறு தோலை அறுக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். மலைத்தோட்டத்தில் அதைவிட முக்கியம், பட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது.

சரி, நெருங்கிய மரங்களுக்கு வூப்பி ஆகாது. தென்னந்தோப்பிலோ சிக்கல் நேரெதிர். வரிசைக்கு வரிசை 25 அடி இடைவெளி. பக்கத்துக்கு 8 அடி பட்டை ஓட வேண்டும், 30 டிகிரி சாய்வு வேண்டுமென்றால் மரத்தில் 9 அடி உயரத்தில் கட்ட வேண்டும், மரத்தைச் சுற்றவும் முடிச்சுக்கும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கே 15 அடி. கடையில் கிடைத்த பட்டைகள் எதுவும் எட்டவில்லை. ஆக, அரை அடிக்கும் குறுக வேண்டும், எட்டு அடிக்கும் நீள வேண்டும். இந்த ஒரு தேவையை எழுதி வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் தேர்வு சுலபமானது. வெறும் நீளப் பட்டையும் ஒரு முடிச்சும் போதும்.

பட்டை கிடைத்தது லாரி சாமான் கடையில். பாரம் கட்டுகிற பாலியஸ்டர் பெல்ட், ஓர் அங்குல அகலம், மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள். நைலான் இல்லை என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முதலில் இதில் ஒரு சின்ச் பக்கிள் போட்டுப் பார்த்தேன். இழுத்தால் இறுகும், தூக்கினால் தளரும், ஒரு கையால் முடிகிற வேலை. ஆனால் நான் வாங்கிய மலிவுப் பக்கிளும் வழவழப்பான பெல்ட்டும் ஒத்துப்போகவில்லை. ஒரு மழை ராத்திரியில் லிஃப்ட் மாதிரி மெதுவாகக் கீழே வந்தேன். பக்கிளுக்குப் பின்னால் இழுத்தால் அவிழ்கிற ஓர் அரைமுடிச்சு போட்டால் நழுவாது. எப்படியும் முடிச்சுத்தான் போடப்போகிறோம், பக்கிள் எதற்கு?

இப்போது ஹேமக்கின் இரு நுனியிலும் டைனீமா கயிற்றில் ஒரு மூடிய வளையம் மட்டும் இருக்கிறது. மரத்திலிருந்து வரும் பட்டையை வளையத்துக்குள் கீழிருந்து மேலே விட்டு, வளையத்தின் பின்பக்கமாகச் சுற்றி, வருகிற பட்டைக்கே அடியில் மடிப்பாகச் செருகினால் முடிந்தது. பெக்கட் ஹிட்ச் என்று பெயர். எழுதினால்தான் நீளம், கட்ட ஐந்து விநாடி. காலையில் வாலை இழுத்தால் அவிழ்ந்துவிடும். முதல் தடவை இதைக் கட்டியபோது பக்கத்தில் சோமனூர் நண்பர் ஒருவர் இருந்தார், விசைத்தறி ஓட்டுகிறவர். “அட, தறியில இழை அறுந்தா நாங்க போடற முடிச்சுங்க இது” என்றார். உண்மைதான், நெசவாளர் முடிச்சின் அதே அமைப்பு. பட்டையில் அதை அவர் என்னைவிட வேகமாகக் கட்டினார்.

ஹேமக்கின் இரு நுனிகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய கயிறு நிரந்தரமாக இருக்கிறது. நீளம் 9 அடி 1 அங்குலம், அதாவது ஹேமக் நீளத்தில் 83 சதவீதம். மரங்கள் எவ்வளவு தள்ளி இருந்தாலும் தொய்வு இதனால் மாறாது. படுத்துக்கொண்டே அந்தக் கயிற்றை இரண்டு விரலால் வளைத்துப் பார்ப்பேன். கொஞ்சம் வளைந்தால் சரி. கம்பி மாதிரி நின்றால் பட்டையை மரத்தில் இன்னும் உயரத்தில் கட்டியிருக்க வேண்டும்.

மழையில் பட்டை வழியாகத் தண்ணீர் ஓடி முதுகை நனைக்கும். முடிச்சுக்கு முன்னால் ஒரு ஷூ லேஸ் துண்டைத் தொங்கவிட்டால் அது வழியாகச் சொட்டிப் போய்விடும். ஆனால் முசுறு எறும்புக்கு ஷூ லேஸ் ஒரு தடையே இல்லை. வேப்பெண்ணெயில் நனைத்த துணியைப் பட்டையில் சுற்றுகிறேன், முக்கால்வாசி நாள் பலிக்கிறது. தென்னையில் 9 அடி உயரத்துக்குப் பட்டையைத் தள்ளிவிடத் தொரட்டி போதும். மட்டை விழுந்த தழும்பு வரிகளில் பட்டை நழுவாமல் உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். முற்றின காயோ காய்ந்த மட்டையோ தொங்கினால் வேறு மரம். 25 அடி இடைவெளியில் நடுவில் படுத்தால் தலைக்கு நேரே கொண்டை வராது என்பது ஒரு நிம்மதி.

இத்தனை நாளில் டைனீமா வளையங்கள் மேலே பஞ்சுபோல முடி கிளம்பியிருக்கின்றன, பலத்தில் குறை தெரியவில்லை. அடுப்புத் தீக்குப் பக்கத்தில் மட்டும் விடுவதில்லை. பாலியஸ்டர் பெல்ட்டில் இடது பக்கத்தது ஓரம் பிரிய ஆரம்பித்திருக்கிறது, ஒரே இடத்தில் மரத்தில் உரசி உரசி. அடுத்த மாதம் மாற்ற வேண்டும். கழற்றுவதை மாமா டிராக்டருக்கென்று இப்போதே கேட்டு வைத்துவிட்டார்.