முட்டையா, மாவு உருண்டையா?

உருண்டையைச் சீராக அமுக்கியோ இழுத்தோ கிடைக்கும் வடிவம்தான் நீள்வட்டத் திண்மம் (ellipsoid). அதை ஆறு வயதுக் குழந்தைக்குப் புரியவைக்க எதைக் காட்டலாம், முட்டையையா, மாவு உருண்டையையா? ‘நீள்வட்டத் திண்மம்’ என்று ஆரம்பித்தால் குழந்தை கொட்டாவி விடும். முட்டையைக் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். சரி, ஆனால் முட்டை கொஞ்சம் ஏமாற்றும்: ஒரு முனை கூர், மறுமுனை மழுங்கல். நீள்வட்டத் திண்மத்துக்கு எதிரெதிர் முனைகள் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

என் ஓட்டு சப்பாத்தி மாவுக்குத்தான். உருண்டையை மேலிருந்து லேசாக அமுக்கினால் பூமியின் வடிவம். (பூமியின் விட்டம் நடுக்கோட்டில் 12,756 கி.மீ., துருவங்கள் வழியே 12,714 கி.மீ. நாம் அமுக்குவது ரொம்பவே அதிகம்!) உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினால் நீளத் திராட்சை. அந்தத் திராட்சையைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்துங்கள், நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறுவேறாகிவிடும். இதை முட்டையில் செய்ய முடியாது!

அப்புறம் வெட்டிக் காட்டுங்கள். மாவை எப்படி வெட்டினாலும் வெட்டுமுகம் வட்டம் அல்லது நீள்வட்டம். அவித்த முட்டையைக் குறுக்கே வெட்டினால் வட்டம். நெடுக்கே வெட்டினால் பழைய கோணல் முனைதான். மாவுக்குக் கத்தி வேண்டாம், நசுங்கும். இழுத்துப் பிடித்த நூல் போதும்.