கல்யாண போட்டோ: பின்னணி கரைந்திருந்தால் உடனே மயங்கிவிடாதீர்கள்

தங்கை கல்யாண ஆல்பம் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்றுதான் எழுதாமல் இருந்தேன். ஆறவில்லை.

போட்டோகிராஃபர் காட்டிய சாம்பிள்கள் எல்லாம் சாயங்கால வெயிலில், வெளியில் எடுத்தவை. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் முடியோரம் மினுங்க, முகம் மட்டும் பளிச்சென்று நிற்க, மற்றதெல்லாம் கரைந்துபோயிருந்தது. பார்த்தவுடன் விழுந்துவிட்டோம். எங்கள் கல்யாணமோ ராத்திரி, மண்டபத்துக்குள். உள்ளே எடுத்த படம் ஒன்றுகூட அதில் இல்லை என்பது அட்வான்ஸ் கொடுக்கும்போது யாருக்கும் உறைக்கவில்லை. அந்தச் சாயங்கால வெயிலில் சாதாரண போனே நல்ல படம் எடுக்கும்!

அன்றைக்கு அவர் ஒரு கேமரா, முகத்தை நெருக்கமாக எடுக்க ஒரு 85 எம்எம் லென்ஸ், கேமராவோடு சேர்ந்தே வரும் ஒரு கிட் லென்ஸ், கேமரா மேலே செருகும் ஒரு ஃபிளாஷ், இவ்வளவோடு வந்தார். தனி லைட் ஒன்றும் இல்லை. வினையெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

அப்பா தங்கையின் கையைப் பிடித்தபடி நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. தங்கையின் கம்மலில் கல்லை எண்ணலாம். அவளுக்கு அரையடி பின்னால் நின்ற அப்பாவின் முகம் நனைந்த காகிதத்தில் வரைந்த மாதிரி இருக்கிறது. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் அப்பர்ச்சர். எண் சின்னதானால் துளை பெரிது, வெளிச்சம் அதிகம், ஆனால் தெளிவாக விழும் ஆழம் குறைவு. 85 எம்எம் லென்ஸை 1.4-இல் முழுக்கத் திறந்து, 2 மீட்டரில் நின்று எடுத்தால், ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் தெளிவாக விழும் ஆழம் 4, 5 சென்டிமீட்டர்தான். ஒரே முகத்தில் கண் தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். முன்னும் பின்னுமாக இரண்டு பேர் நின்றால் ஒருவர் போய்விடுவார். 5.6-க்கு மூடி, 3 மீட்டர் தள்ளி நின்றிருந்தால் 40 சென்டிமீட்டர் கிடைத்திருக்கும், அப்பா தப்பியிருப்பார். ஆனால் 5.6-இல் உள்ளே வருவது 1.4-இல் வருவதில் 16-இல் ஒரு பங்கு வெளிச்சம். லைட் கொண்டுவராதவர் எப்படி மூடுவார்? இல்லாத வெளிச்சத்துக்கு ஈடாக லென்ஸைத் திறந்துவைத்துவிட்டு, கேட்டால் “அது ஆர்ட்டிஸ்டிக் டச் சார்” என்றார்.

குடும்பத்தோடு எடுத்த படங்களுக்கு கிட் லென்ஸும் ஃபிளாஷும். ஃபிளாஷைச் சுவரிலோ கூரையிலோ பட்டுத் தெறிக்கவிடாமல் நேரே முகத்தில் அடித்திருக்கிறார். தூரம் இரண்டு மடங்கானால் ஃபிளாஷ் வெளிச்சம் கால் பங்காகிவிடும். அதனால் முன்வரிசை சுண்ணாம்பு, பின்வரிசை இருட்டு, மண்டபம் காணோம்.

இதைவிட ஒன்று. அந்தப் படங்களிலும் பின்னணி சொகுசாக மங்கியிருந்தது! சந்தேகப்பட்டு ஃபைலின் விவரத்தைத் திறந்தேன். 35 எம்எம், 5.6. அந்த அளவில் 3 மீட்டரில் நிற்பவரை ஃபோகஸ் செய்தால் ஏறக்குறைய 2 முதல் 5 மீட்டர் வரை தெளிவாகத்தான் இருக்கும். ஆளுக்கு ஓரடி பின்னால் இருக்கும் நாற்காலி எப்படிக் கரையும்? கம்ப்யூட்டரில் பூசியது. உண்மையான லென்ஸ் மங்கல் தூரம் கூடக் கூடத்தான் கூடும். இதில் நாற்காலிக்கும் கடைசிச் சுவருக்கும் ஒரே அளவு. கைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி மட்டும் தெளிவாக விட்டுப்போயிருக்கிறது. மாப்பிள்ளையின் சுண்டுவிரலையும் பின்னணியோடு சேர்த்துக் கரைத்துவிட்டார்கள்.

“அப்பா முகத்தை ஷார்ப் பண்ணித் தர்றேன் சார்” என்று இன்னொரு பிரிண்ட் அனுப்பினார். புள்ளிகள்தான் கூடியிருந்தன. லென்ஸ் பிடிக்காத கண்ணை எந்த சாஃப்ட்வேர் திரும்பக் கொண்டுவரும்?

யாரையாவது பேசி முடிக்கும் முன், ராத்திரியில் உள்ளே நடந்த ஒரே ஒரு கல்யாணத்தை, முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை காட்டச் சொல்லுங்கள். பொறுக்கியெடுத்த பத்துப் படம் வேண்டாம். என்னென்ன லைட் கொண்டுவருவார், குரூப் போட்டோவை எந்த அப்பர்ச்சரில் எடுப்பார் என்று கேளுங்கள். “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மீதிப் பணம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கேமரா பிடித்ததை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல்களைக் கொடுத்தால் தருகிறேன் என்றேன். ராவிலேயே எடுக்கவில்லையாம், எல்லாம் கேமராவே சுருக்கித் தரும் ஜேபெக்தானாம்.