மூக்கு மாஸ்க்கா, முழு முக மாஸ்க்கா? சிபாப் போடுகிறவர்களுக்கு ஓர் அலசல்

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் மெஷின்தான் சிபாப். மெஷினோடு கடைக்காரர் கொடுத்த மாஸ்க்கையே மாட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நமக்கு ஒத்துவராதுப்பா" என்று பத்தே நாளில் சிபாப்பைப் பரணில் ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் பழி மெஷின் மேல் விழுகிறது. ஆனால் குற்றம் முகத்தில் சரியாக உட்காராத மாஸ்க்கில்தான்.

சந்தையில் இருப்பது முக்கியமாக மூன்று வகை. மூக்குத் துவாரத்தில் மட்டும் ஒட்டும் பில்லோ, மூக்கை மூடும் நேசல், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ். ரெஸ்மெட் கம்பெனி மாடல்களில் சொன்னால், முறையே ஏர்ஃபிட் பி10, என்20, எஃப்20.

ஃபுல் ஃபேஸைத்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். "வாயைத் திறந்து தூங்கினாலும் கவலை இல்லை" என்பது அதற்குச் சொல்லும் காரணம். மேலோட்டமாக நியாயம்தான். ஆனால் மூன்றிலும் முகத்தில் அதிக நீளத்துக்குப் படிவது இதன் விளிம்புதான்: மூக்குத் தண்டு, இரண்டு கன்னம், உதட்டுக்குக் கீழே தாடை. இதில் ஓரிடம் தூக்கினாலும் காற்று நழுவும். மூக்குத் தண்டில் தூக்கினால் கண்ணுக்குள் அடித்து, காலையில் கண் சிவந்திருக்கும். தாடி இருந்தால் இன்னும் மோசம். இரவில் பல்செட்டைக் கழற்றுகிறவர்களுக்குக் கன்னம் குழிந்து மாஸ்க்கின் பிடிப்பே மாறிவிடும். உடனே பட்டையை இறுக்குவார்கள். இறுக்கினால் மாஸ்க் கீழ்த்தாடையைப் பின்னால் தள்ளும், தொண்டை இன்னும் குறுகும், அதைத் திறக்க அழுத்தம் கூடுதலாகத் தேவைப்படும். அழுத்தம் கூடினால் லீக்கும் கூடும். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஃபுல் ஃபேஸைவிட மூக்கு வழி மாஸ்க்குகளையே முன்வைக்கிறது.

அப்படியானால் ஃபுல் ஃபேஸ் யாருக்கு? மூக்கின் நடுச்சுவர் வளைந்தோ, சதை வளர்ந்தோ மூக்கு நிரந்தரமாக அடைத்திருப்பவர்களுக்கு. சளிக்கு மட்டும் வாய் திறக்கிறவர்கள் முதலில் மூக்கடைப்புக்கு மருந்து பார்த்து, காற்றை ஈரப்படுத்தும் ஹ்யூமிடிஃபையரைச் சரியாக வைத்து, தேவைப்பட்டால் வாயை மூடிவைக்கும் தாடைப் பட்டையும் போட்டுப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் காலையில் நாக்கு வறண்டு ஒட்டினால் மாற்றிக்கொள்ளலாம். தன் கையால் மாஸ்க்கைக் கழற்ற முடியாதவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் இதைப் போடவே கூடாது. வாந்தி வந்தால் ஆபத்து.

பில்லோவின் சுகம் தனி. கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கலாம், மூடிவைத்தது போன்ற திணறல் இல்லை, மீசையும் அவ்வளவாக இடைஞ்சல் செய்வதில்லை. ஆனால் அழுத்தம் 12, 13-க்கு (செ.மீ. நீர் அளவில்) மேல் போனால் மூக்குக்குள் குழாயைத் திறந்துவிட்டது போல் இருப்பதாகப் பலர் சொல்வார்கள். முதல் வாரம் துவாரத்தின் ஓரம் எரியும். மூக்குத்தி போட்டிருக்கும் பெண்களுக்குப் பில்லோவின் விளிம்பு சரியாக அதன் உள்பக்கத் திருகில் போய் உரசும். தூங்கப்போகும்போது மூக்குத்தியைக் கழற்ற மனமில்லாதவர்கள் நேசலுக்கே போவது நல்லது.

நேசல் நடுவில் நிற்கிறது. அழுத்தம் கூடினாலும் தாங்கும், ஒருக்களித்துப் படுக்கலாம். எங்கள் கணக்கில், தொடங்குகிறவர்கள் இங்கேயிருந்து தொடங்கலாம். அளவில்தான் கோட்டை விடுகிறார்கள். "கொஞ்சம் பெரிசா இருந்தா சௌகரியம்" என்று பெரிய குஷன் (முகத்தில் படியும் சிலிக்கான் பகுதி) வாங்கினால் ஓரத்தில் லீக். மூக்கின் இரு பக்கமும் நசுங்காமல் உள்ளே அடங்கும் மிகச் சிறிய அளவே சரியான அளவு.

கடையில் உட்கார்ந்தபடி மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. படுத்தால் கன்னச் சதை நகரும். கட்டிலோ பெஞ்சோ கேட்டுப் படுங்கள். மெஷினை ஓடவிடுங்கள். அழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றும் ராம்ப் வசதியின் தொடக்க அழுத்தமான 4-இல் எந்த மாஸ்க்கும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் மெஷினில் மாஸ்க் ஃபிட் சோதனை இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் உங்கள் அழுத்தத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். காற்று வரும்போதே குஷனை முகத்திலிருந்து ஓர் அங்குலம் நேராக இழுத்து விடுங்கள். உள்மடிப்பு ஊதித் தானாகப் படியும். பிறகுதான் பட்டை. பட்டைக்கும் கன்னத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையவேண்டும். இடமும் வலமும் புரண்டு பாருங்கள். முன்பக்கத் துளைகளில் வரும் இரைச்சல் லீக் அல்ல. மூச்சில் விட்ட கரியமில வாயு வெளியேறும் வழி அது. டேப் ஒட்டி அடைத்துவிடாதீர்கள். ரெஸ்மெட் மெஷினில் லீக் நிமிடத்துக்கு 24 லிட்டருக்குள் இருந்தால் போதும், பூஜ்யத்துக்குப் போராட வேண்டாம். மாஸ்க் வகையை மாற்றினால் மெஷின் அமைப்பிலும் வகையை மாற்றவேண்டும்.

எங்கள் ஓசூர்ப் பக்கத்துக்கென்று சில தொல்லைகள் உண்டு. மார்கழி, தை மாதங்களில் ஓசூர், தேன்கனிக்கோட்டைக் குளிரில் டியூபுக்குள் ஆவி நீராகி, பில்லோ போட்டவர் மூக்கில் சொட்டும். ஈரப்பத அளவை ஒன்றிரண்டு குறைத்து, டியூபைப் போர்வைக்குள் விட்டு, மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். போர் தண்ணீரை ஊற்றினால் தொட்டியில் வெள்ளைப் படிவு கட்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும். கிரானைட் குவாரி, பட்டறைப் பக்கம் வீடு இருந்தால் ஃபில்டரை வாரம் ஒருமுறை பார்க்கவேண்டும். தலைக்கும் முகத்துக்கும் தேங்காய் எண்ணெய் தடவிப் படுத்தால் பட்டை வழுக்கும், சிலிக்கான் சீக்கிரம் பிசுபிசுத்துவிடும். இதமான வெந்நீரில் மிதமான சோப்புப் போட்டுத் தினமும் கழுவி நிழலில் காயவைத்தால் குஷன் தாக்குப்பிடிக்கும்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பட்டையை மாட்டும் கொக்கியில் காந்தம் இருக்கிறதா என்று கேட்காமல் வாங்கவேண்டாம். என்20, எஃப்20 இரண்டிலும் காந்தக் கொக்கி வரும். அது பேஸ்மேக்கரிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி இருக்கவேண்டும், காந்தம் இல்லாத வகையே பத்திரம். ஒருமுறை போட்ட மாஸ்க்கைப் பொதுவாகக் கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள். அளவு சேரவில்லை என்றால் குஷனை மட்டும் மாற்றித் தருவார்களா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே பேசி, பில்லில் எழுதி வாங்குங்கள்.