டிடிமாட்: திருகோணமலை வெக்கைக்கு ஏற்ற சங்கிலி மாற்றி

ராஃப்ட் (RAFT, சங்கிலி நீளத்தைக் கட்டுப்படுத்தி வளர்க்கும்) முறையில் பல்பகுதியம் (பொலிமர்) செய்யத் தொடங்கும் ஆய்வுகூடத்துக்கு ஒரேயொரு சங்கிலி மாற்றி, அதாவது அந்த நீளத்தைக் கட்டுப்படுத்தும் சேர்வை, வாங்கத்தான் காசு இருக்கிறதென்றால், டிடிமாட் (DDMAT, டிரைதயோகாபனேற்று வகை) வாங்குங்கள். மூலர்த்திணிவு 364.6, மஞ்சள் தூள். 60 பாகையளவில்தான் உருகும் என்பதால் கச்சான் காலத்தில் கொழும்பிலிருந்து வான் வண்டியில் வந்தாலும் தூளாகவே வந்து சேரும். சங்கிலி மாற்றிகளில் இன்னொரு வகையான சிவப்பு நிற டைதயோபென்சோயேற்றுகள் இதைவிட இலகுவாகச் சிதைபவை.

அக்கிரிலேற்று, அக்கிரிலமைட்டு, ஸ்டைரீன் மூன்றுக்கும் இது நன்றாக வேலை செய்கிறது. மெதக்கிரிலேற்றுக்கு வாங்காதீர்கள்: இதன் விலகும் கூட்டம் (கழன்று புதுச் சங்கிலியைத் தொடங்கும் பகுதி) அங்கே போதுமான வேகத்தில் கழலாது, தொடக்கத்திலேயே நீண்ட சங்கிலிகள் வந்துவிடும். வைனைல் அசற்றேற்றில் தாக்கமே நின்றுபோகும். அதற்கு சாந்தேற்று வகைச் சங்கிலி மாற்றி வேண்டும்.

நைபாமில் (NIPAM, ஓர் அக்கிரிலமைட்டு) சங்கிலிக்கு 100 அலகு இலக்கு வைத்தால் அளவு இப்படி: நைபாம் 2.00 கிராம், டிடிமாட் 64.4 மில்லிகிராம், தொடக்கியான ஏஐபிஎன் (AIBN) 2.9 மில்லிகிராம், மொத்தக் கனவளவு 8 மில்லிலீற்றர் வரும்வரை கரைப்பானாக டயொக்சேன். சங்கிலி மாற்றிக்கும் தொடக்கிக்கும் விகிதம் 10:1. 2.9 மில்லிகிராமை நேரே நிறுக்க முயல வேண்டாம். 29 மில்லிகிராமை 10 மில்லிலீற்றர் டயொக்சேனில் கரைத்து, 1 மில்லிலீற்றர் எடுங்கள். 70 பாகையில் நைபாமில் 90 சதவீதம் பல்பகுதியமாக மாறினால் மூலக்கூற்றுத்திணிவு ஏறத்தாழ 10,500 வரவேண்டும். ஒரு கிராம் போத்தல் இந்த அளவில் 15 தடவைக்குக் காணும்.

சூடாக்குமுன் ஒட்சிசனை வெளியேற்ற, கரைசலுக்குள் நைதரசனை 30 நிமிடம் விடுங்கள். ஐஸ் தொட்டியில் வைத்து விடக்கூடாது. டயொக்சேன் 12 பாகைக்குக் கிட்டவே உறைவது, ஊசி அடைபடும். வெறும் மேசையில் விட்டால் இந்த வெக்கைக்குக் கரைப்பான் ஆவியாகிச் செறிவு மாறும். நைதரசனை முதலில் ஒரு டயொக்சேன் போத்தலூடாகச் செலுத்தி, குடுவையை 15 பாகைத் தண்ணீரில் வைப்பதே சரி. இடையில் கரண்ட் போனால் பதற வேண்டாம். குடுவை காற்றுப் புகாமல் இருந்தால் சங்கிலி முனைகள் சாகாது, சூடு திரும்பியதும் தொடரும்.

போத்தலை 2 முதல் 8 பாகைக்குள் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். கடலோர ஈரப்பதத்தில் குளிர்ந்த தூளில் உடனே தண்ணீர் கோர்க்கும், மில்லிகிராம் கணக்கு பிழைத்துவிடும். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறக்கவும்.

மஞ்சள் நிறம் மங்கினால் சங்கிலி முனையிலுள்ள டிரைதயோகாபனேற்று அழிகிறது என்று பொருள். முதலில் கரைப்பானைச் சந்தேகியுங்கள்: பழைய டயொக்சேனில் பெரொட்சைட்டு சேர்ந்திருக்கும், இன்னொரு கரைப்பானான டிஎம்எஃப் (DMF) பழையதானால் அதில் அமீன் இருக்கும், இரண்டுமே டிரைதயோகாபனேற்றைத் தாக்குபவை. முனையைச் சோதிக்க என்எம்ஆர் (NMR) கருவி கையருகில் இல்லாவிட்டால் 310 நானோமீற்றருக்கு அருகில் உறிஞ்சலை அளந்தாலே போதும்.

பல்பகுதியத்தை ஈதரில் விட்டுப் பிரித்தெடுக்கும் வீழ்படிவாக்கத்தில்தான் இந்த ஊர் சோதிக்கும். டைஎதைல் ஈதர் 34.6 பாகையில் கொதிப்பது. மத்தியானத்தில் திறந்த பீக்கரில் வைப்பது தீ ஆபத்து. ஈதரை ஐஸில் நன்றாகக் குளிரவைத்து, பத்து மடங்கு கனவளவில் எடுத்து, கரைசலைத் துளித்துளியாக அதில் விட்டு, இரண்டு தடவை செய்யுங்கள்.

கிடைத்த பல்பகுதியத்தைத் தண்ணீரில் கரைத்ததும் பால்போல் கலங்கினால் தயாரிப்பு பிழைத்தது என்று கொட்டிவிடாதீர்கள். பொலிநைபாம் 32 பாகையளவில் கலங்கும், டிடிமாட்டிலிருந்து வரும், தண்ணீரை வெறுக்கும் டொடெசைல் வால் அந்த வெப்பநிலையை இன்னும் சற்றுக் கீழே இழுக்கும். ஆடி மாதத்து மேசை அதைவிடச் சூடு. ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள், தெளிந்துவிடும்.